ஓடும் எந்திரத்துக்கு எண்ணெய் கொடுத்தவர்

கரி அள்ளிப் போட்ட என்ஜினீயர் எலைஜா மெக்காயின் வாழ்க்கை

வீட்டில் தையல் எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அவ்வப்போது அதன் துளைகளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விடாமல் போனால் என்ன ஆகும்? மிதிக்க மிதிக்கக் கால் வலிக்கும். சத்தம் கூடும். கடைசியில் சக்கரம் சுற்றவே மறுக்கும்.

கிணற்று ராட்டினமும் அப்படித்தான். சைக்கிள் செயினும் அப்படித்தான். அந்தக் காலத்து மாட்டு வண்டிக்காரர்கள், நெடுந்தூரம் புறப்படுவதற்கு முன் அச்சில் வண்டி மை தடவாமல் மாட்டைப் பூட்ட மாட்டார்கள்.

இரும்போடு இரும்பு உரசினால் சூடு பிறக்கும். இரண்டும் தேயும். நடுவே எண்ணெய் இருந்தால் உரசல் குறையும். மனிதன் பழங்காலத்திலேயே கண்டுகொண்ட உண்மை இது.

தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு எண்ணெய் விடலாம். வண்டியை நிறுத்திவிட்டு மை போடலாம். ஆனால் புகை கக்கிக்கொண்டு ஓடும் ரெயில் என்ஜினுக்கு எப்படி எண்ணெய் விடுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினார், அமெரிக்காவில் ஓர் இளைஞர். அவர் கறுப்பர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து தப்பி ஓடியவர்கள். அவர் முறையாக என்ஜினீயர் தொழில் கற்றவர். ஆனால் அவருக்குக் கிடைத்த வேலையோ, என்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலை!

அவர் பெயர் எலைஜா மெக்காய்.

தப்பி வந்த தம்பதி

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் அந்தக் காலத்தில் அடிமை முறை இருந்தது. கறுப்பர்களை ஆடு மாடு போல விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். தாயை ஒருவன் வாங்குவான். அவள் பெற்ற பிள்ளையை வேறொருவன் வாங்குவான். கேள்வி கேட்க ஆள் இல்லை.

கென்டக்கி என்ற மாநிலத்தில் அடிமைகளாக வாழ்ந்தவர்கள் ஜார்ஜ் மெக்காயும் அவர் மனைவி மில்ட்ரெட்டும். இந்த வாழ்வு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு நாள் தப்பி ஓடினார்கள்.

ஓடுவது எளிதல்ல. அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் பலர். பிடிபட்டால் சவுக்கடி. ஆனால் நல்ல உள்ளம் கொண்டவர்களும் இருந்தார்கள். வெள்ளையரும் கறுப்பருமாகப் பலர் ரகசியமாகச் சேர்ந்து, ஓடி வரும் அடிமைகளுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். சோறு போட்டார்கள். இருட்டிய பிறகு அடுத்த ஊருக்கு வழிகாட்டி அனுப்பினார்கள். இந்த ரகசிய வழிக்குப் பாதாள ரெயில் என்று பெயர். அங்கே ரெயிலும் இல்லை, பாதாளமும் இல்லை. மனிதர்களின் துணிச்சல்தான் இருந்தது.

அந்த வழியாக ஜார்ஜும் மில்ட்ரெட்டும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். கனடா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் நாடுகளில் 1834-ம் ஆண்டிலேயே அடிமை முறை ஒழிக்கப்பட்டிருந்தது. ஆகவே கனடா மண்ணில் கால் வைத்தவன் சுதந்திர மனிதன்.

1837-ம் ஆண்டில் கனடாவில் ஒரு கலகம் நடந்தது. அதை அடக்கிய அரசாங்கப் படையில் ஜார்ஜ் சேர்ந்து பணி செய்தார். அதற்காக அவருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. நேற்று வரை பிறர் நிலத்தில் கூலியின்றி உழைத்தவர், இன்று சொந்த நிலத்துக்கு உடையவர் ஆனார்.

ஒன்டாரியோ பகுதியில் கோல்செஸ்டர் என்ற ஊரில், 1844-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி எலைஜா பிறந்தார். குடும்பத்தில் மொத்தம் 12 குழந்தைகள். கல்வி இல்லாமல் வளர்ந்த பெற்றோர், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

கடல் கடந்த படிப்பு

சிறு வயதிலேயே எலைஜாவுக்குக் கருவிகள் என்றால் ஆசை. எதையாவது பிரித்துப் பார்ப்பார். மறுபடி மாட்டிப் பார்ப்பார். பையனின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெற்றோர் கவனித்தார்கள்.

எலைஜாவுக்கு வயது 15 ஆனது. அவரை எங்கே படிக்க வைப்பது? அமெரிக்காவில் கறுப்புப் பையனுக்கு எந்திரத் தொழில் சொல்லித் தருவார் யார்? பெற்றோர் யோசித்தார்கள். கடைசியில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரான எடின்பரோவுக்கு மகனை அனுப்பினார்கள்.

நீராவி என்ஜினைச் செம்மைப்படுத்தி உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் வாட் பிறந்த நாடு ஸ்காட்லாந்து. எந்திரத் தொழிலுக்குப் பெயர் போன இடம். அங்கே எலைஜா தொழில் பழகினார். எந்திர என்ஜினீயராகத் தேர்ச்சி பெற்றார்.

அவர் அங்கே இருந்த காலத்தில் அமெரிக்காவில் பெரிய உள்நாட்டுப் போர் நடந்தது. 1861-ல் தொடங்கிய போர் 1865-ல் முடிந்தது. அந்த ஆண்டே நாடு முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

மெக்காய் குடும்பம் கனடாவை விட்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து, இப்சிலாண்டி என்ற ஊரில் குடியேறியது. எலைஜாவும் அங்கே திரும்பினார். கையில் தொழில். மனதில் நம்பிக்கை. இனி என்ன குறை?

கதவு திறக்கவில்லை

சட்டம் மாறியது. மனிதர்களின் மனம் மாறவில்லை.

எலைஜா வேலை தேடினார். கறுப்பர் ஒருவரை என்ஜினீயராக வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அவர் என்ன கற்றார் என்பதை விட, அவர் நிறம் என்ன என்பதே பெரிதாகத் தெரிந்தது.

கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரெயில்வேயில் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை? ரெயில் என்ஜினில் நெருப்புப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட வேண்டும். அதோடு, வண்டிக்கு எண்ணெயும் விட வேண்டும்.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். எலைஜா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். வயிற்றுப் பிழைப்பு வேண்டுமே!

எண்ணெய்க்காரர் படும் பாடு

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

நீராவி என்ஜினில் கரி எரிந்து தண்ணீர் கொதிக்கும். நீராவி ஒரு குழாய் வழியாகப் பாய்ந்து, உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னும் பின்னும் போய் வரும். அதோடு இணைந்த தண்டு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் அச்சு, தாங்கியில் உருளும். இப்படி உரசும் இடங்கள் ஒன்றா, இரண்டா! எல்லா இடத்துக்கும் எண்ணெய் வேண்டும்.

வண்டி நின்றதும் எண்ணெய்க்காரர் குதித்து இறங்குவார். கையில் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கேன். வண்டியின் ஓரமாக நடந்து, அச்சுகளிலும் தண்டு மூட்டுகளிலும் எண்ணெய் விட்டுக்கொண்டே போவார். மழை பெய்தாலும் போக வேண்டும். பனி கொட்டினாலும் போக வேண்டும். ஓர் அச்சை மறந்தால் போதும். அது பழுக்கக் காய்ந்துவிடும். சில சமயம் தீயே பிடிக்கும்.

இது பாதிக் கஷ்டம்தான். பெரிய கஷ்டம் நீராவி உருளையில் இருந்தது. அதன் மேல் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருக்கும். உருளைக்குள் நீராவி அழுத்தத்தோடு இருக்கும்போது அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் என்ன ஆகும்? எண்ணெய் உள்ளே போகாது. நீராவி சீறிக்கொண்டு வெளியே வரும். முகம் வெந்து போகும்!

ஆகவே வண்டி நிற்கும்போதோ, இறக்கத்தில் நீராவியை மூடிவிட்டுத் தானே உருளும்போதோதான் எண்ணெய் விட முடியும். ஏற்றத்தில் முழு மூச்சோடு என்ஜின் உழைக்கும்போதுதான் எண்ணெய் அதிகம் தேவை. ஆனால் அப்போது கொடுக்க வழி இல்லை. பசிக்கும் நேரத்தில் சோறு கிடையாது. ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் சோறு என்ற கதைதான்.

எண்ணெய் ஊற்ற நேரம் வீணானது. எண்ணெயும் வீணானது. எந்திரமும் சீக்கிரம் தேய்ந்தது.

கரி அள்ளிப் போட்ட இளைஞர் இதையெல்லாம் நாள்தோறும் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஆனால் எடின்பரோவில் கற்ற கண்ணோடு பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

வீட்டுப் பட்டறையில் பிறந்த கருவி

வேலை முடிந்து வீடு திரும்பியதும் எலைஜா ஓய்ந்து படுக்கவில்லை. வீட்டிலேயே சிறு பட்டறை ஒன்று வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து தம் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தார்.

அவருடைய எண்ணம் மிக எளிமையானது. எண்ணெய் விடுவதற்கு இடைஞ்சலாக இருப்பது எது? நீராவியின் அழுத்தம். அந்த அழுத்தத்தையே வேலைக்காரனாக்கினால் என்ன?

எண்ணெய்க் கிண்ணத்தின் நடுவே ஒரு தண்டை நிறுத்தினார். தண்டோடு ஒரு வால்வைப் பொருத்தினார். உருளைக்கு நீராவி வரும்போது, அது தண்டை மேலே தள்ளும். வால்வு திறக்கும். எண்ணெய் கீழே இறங்கும். நீராவி நின்றால் தண்டு இறங்கும். வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெயும் நின்றுவிடும்.

என்ஜின் உழைக்கும்போது எண்ணெய் உண்டு. ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் வீணாவதில்லை. ஆள் ஏறி இறங்க வேண்டாம். வண்டியை நிறுத்த வேண்டாம்.

1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி, இந்தக் கருவிக்கு அமெரிக்க அரசாங்கம் காப்புரிமை வழங்கியது. எலைஜாவுக்கு அப்போது வயது 28.

எண்ணெயைத் தானே விடும் கருவி செய்ய முயன்றவர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ராம்ஸ்பாட்டம், ராஸ்கோ என்ற இருவர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறு வகைக் கருவிகளைச் செய்திருந்தார்கள். ஆனால் எலைஜா ஒரே கருவியோடு நிற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் இதே பிரச்சினையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் குறையைக் கண்டுபிடித்து நீக்கினார். அதுதான் அவர் பெருமை.

மிச்சிகன் சென்ட்ரல் ரெயில்வே அவர் கருவியை ஏற்றது. மற்ற ரெயில்வேக்களும் வாங்கின. கரி அள்ளிப் போட்டவர், இப்போது கருவியை எப்படி மாட்டுவது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஆனார்.

இன்பமும் துன்பமும்

அதே 1872-ம் ஆண்டில் எலைஜாவுக்குப் பெரிய துயரமும் நேர்ந்தது. 1868-ல் அவர் ஆன் எலிசபெத் ஸ்டூவர்ட் என்ற பெண்ணை மணந்திருந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அம்மையார் காலமானார். காப்புரிமை கிடைத்த ஆண்டே மனைவியை இழந்த ஆண்டாகவும் அமைந்தது.

மறு ஆண்டு மேரி எலியனோரா டிலானி என்ற பெண்ணை மணந்தார். மேரியின் குடும்பமும் தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த பாதாள ரெயில் வழியோடு தொடர்புடையது. சுமார் 50 ஆண்டுகள் இருவரும் இணைந்து வாழ்ந்தார்கள். மேரி அம்மையார் பின்னாளில் டெட்ராய்ட் நகரில் கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் முன்னணியில் நின்றார். ஆதரவற்ற முதிய பெண்களுக்கு ஓர் இல்லம் அமையப் பாடுபட்டார்.

1874-ல் எலைஜா துணி இஸ்திரி போடும் மேஜை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மனைவியின் வேலைப் பளுவைக் குறைக்கவே அதைச் செய்தார் என்று சொல்வார்கள். 1899-ல் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிக்கும் காப்புரிமை வாங்கினார். ரெயில் என்ஜினைக் கவனித்தவர் வீட்டு வேலையையும் கவனித்தார்.

சொந்தப் பெயர் இல்லாத கருவிகள்

1882-ல் எலைஜா டெட்ராய்ட் நகரில் குடியேறினார். கருவிக்கு மேல் கருவி செய்தார். அவர் வாழ்நாளில் பெற்ற காப்புரிமைகள் 50-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் விடும் கருவிகளைப் பற்றியவை. கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் 1909-ல் வெளியிட்ட நூலில், அதுவரை மிக அதிகக் காப்புரிமை பெற்ற கறுப்பினத்தவர் மெக்காய்தான் என்று குறிப்பிட்டார்.

இத்தனை கண்டுபிடித்தவர் பெரிய பணக்காரர் ஆகியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இல்லை!

கருவி செய்ய மூளை போதும். அதை ஆயிரக்கணக்கில் செய்து விற்கத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு முதல் வேண்டும். முதலுக்கு அவர் எங்கே போவார்? ஆகவே தம் உரிமைகளைப் பெரும்பாலும் முதலாளிகளுக்கும் பணம் போடுபவர்களுக்கும் விற்றார். அல்லது எழுதிக் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த கருவியைச் செய்தார். அவர் கண்டுபிடித்த கருவிகள் வேறு பெயர்களில் ஓடின. லாபம் வேறு வீடுகளுக்குப் போனது.

அமெரிக்காவில் ஒரு சொல் வழக்கு உண்டு. போலி அல்ல, அசல் சரக்கு என்று சொல்ல வேண்டுமானால் ரியல் மெக்காய் என்பார்கள். மெக்காயின் கருவியைப் பார்த்து மற்றவர்கள் போலிகள் செய்தார்களாம். ரெயில்வேக்காரர்கள் அசல் மெக்காய் கருவிதான் வேண்டும் என்று கேட்டார்களாம். அதிலிருந்து இந்த வழக்கு வந்ததாம். கேட்க இனிய கதை. ஆனால் ஆராய்ந்தவர்கள் இதை ஒருமனதாக ஏற்கவில்லை. இதை ஒத்த சொல் ஸ்காட்லாந்தில் 1856-லேயே, எலைஜா 12 வயதுச் சிறுவனாக இருந்தபோதே வழங்கியது. மெக்காய் என்ற குத்துச்சண்டை வீரரிடமிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. சொல் எங்கிருந்து வந்தாலும், எலைஜா அசலான மனிதர் என்பதில் ஐயமில்லை.

முதுமையிலும் ஓயவில்லை

காலம் மாறியது. ரெயில் என்ஜின்கள் பெரிதாயின. நீராவியை மேலும் அதிகமாகச் சூடாக்கிப் பயன்படுத்தினார்கள். இதனால் கரி மிச்சமானது, பலம் கூடியது. ஆனால் அந்தக் கடுஞ்சூட்டில் சாதாரண எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை.

எலைஜா ஒரு வழி கண்டார். பென்சிலுக்குள் கறுப்பாக இருக்கிறதே, அந்தக் கிராபைட்டின் தூளை எண்ணெயோடு சேர்த்தார். கிராபைட் வழுவழுப்பானது. சூட்டைத் தாங்கும். ஆனால் தூள் ஓரிடத்தில் தங்கி அடைத்துக்கொள்ளும் தொல்லை உண்டு. அது அடைக்காமல் எண்ணெயோடு சேர்ந்து போகும்படி கருவியை அமைத்தார். 1915-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 71 நெருங்கிக்கொண்டிருந்தது!

1920-ல் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். வயது 76. அப்போதுதான் மெக்காய் என்ற பெயர் பொறித்த கருவிகள் முதன் முதலாக வெளிவந்தன. முதல் காப்புரிமை வாங்கி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காருக்கும் அதே எண்ணெய்ப் பாடம்

எலைஜா வாழ்ந்த டெட்ராய்ட் நகரம் அவர் கண் முன்னாலேயே கார் நகரமாக மாறியது. 1908-ல் ஹென்றி போர்டு தம் மாடல் டி காரை வெளியிட்டார். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் விற்றன.

அந்தக் காரில் எண்ணெய் பம்பு கிடையாது. அடியில் தேங்கிய எண்ணெயை, சுழலும் பெரிய சக்கரம் வாரி இறைக்கும். எண்ணெய் போதுமா என்று பார்க்க, கார்க்காரர் கீழே குனிந்து இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். மேல் குழாயில் வழிந்தால் எண்ணெய் அதிகம். கீழ்க் குழாயிலும் வராவிட்டால் ஆபத்து. புதுக் கார் 400, 500 மைல் ஓடியதும் அழுக்கு எண்ணெயை இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு 750 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கம்பெனியின் புத்தகம் சொன்னது. விவசாயிகள் தங்கள் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துகொண்டார்கள்.

அப்போது எண்ணெய் வடிகட்டியும் இல்லை. 1923-ல்தான் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் கார் எண்ணெயை வடிகட்டும் பில்டருக்கு வழி செய்தார். மறு ஆண்டு கிரைஸ்லர் காரில் அது இடம் பெற்றது.

இன்றைய காரில் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. பில்டர் அழுக்கைப் பிடிக்கிறது. இந்த அமைப்பு எலைஜாவின் கருவி அல்ல. ஆனால் பாடம் ஒன்றே: எந்திரம் ஓடும்போதே எண்ணெய் தானாகப் போய்ச் சேர வேண்டும்.

ஆனாலும் எண்ணெய் என்றைக்கும் நல்ல எண்ணெயாகவே இருக்காது. சூட்டில் கெடும். கரியும் உலோகத் தூளும் கலந்து கறுக்கும். பில்டரும் நிறைந்துவிடும். ஆகவே கார் கம்பெனியின் புத்தகம் சொல்லும் கெடுவில் இரண்டையும் மாற்ற வேண்டும். இதைப் பலர் வீட்டிலேயே செய்கிறார்கள்.

முதலில் என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துவார்கள். வெதுவெதுப்பான எண்ணெய் நன்றாக இறங்கும். ஆனால் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கக் கூடாது. கார் சமதரையில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட வேண்டும். காரைத் தூக்கினால் உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் ஒரு நாளும் போகக் கூடாது.

அடியில் தட்டு வைத்து, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியையும் கீழே டிரெயின் போல்ட்டையும் கழற்றினால் பழைய எண்ணெய் முழுதும் இறங்கும். புது வாஷர் போட்டு போல்ட்டை மாட்ட வேண்டும். அளவோடு முறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பிறகு பழைய பில்டரைக் கழற்ற வேண்டும். அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வளையத்தின் மேலேயே புதியதை மாட்டினால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். புது பில்டரின் வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும்.

புத்தகத்தில் சொன்ன வகை எண்ணெயைச் சொன்ன அளவு ஊற்றி மூடியைப் போட்டு, என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது நிலத்தையும் கிணற்று நீரையும் கெடுக்கும். கேனில் பிடித்து, பழைய எண்ணெய் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

கடைசி நாட்கள்

1922-ல் எலைஜாவும் மேரியும் ஒரு கார் விபத்தில் சிக்கினார்கள். அந்த விபத்து மேரி அம்மையாரின் உயிரைப் பறித்தது. எலைஜா பிழைத்தார். ஆனால் பட்ட காயங்களிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை. உடல் தளர்ந்தது. பணமும் கரைந்தது.

டெட்ராய்ட் அருகே எலாய்ஸ் என்ற பொது மருத்துவ இல்லத்தில் அவர் கடைசி நாட்களைக் கழித்தார். 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ந் தேதி காலமானார். வயது 85.

அவரை உலகம் உடனே நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1970-களில் டெட்ராய்ட் நகரம் அவர் வாழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் வைத்தது. ஒரு தெருவுக்கும் அவர் பெயரை வைத்தது. 2001-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

2012-ம் ஆண்டில் மற்றொரு மரியாதை. அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகம், தலைநகர்ப் பகுதிக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ராய்ட்டில் திறந்தது. அந்த அலுவலகத்துக்கு எலைஜா மெக்காயின் பெயரைச் சூட்டினார்கள். தம் காப்புரிமைகளைப் பிறருக்கு விற்று வாழ்ந்தவரின் பெயர், காப்புரிமை அலுவலகத்தின் வாசலில் ஏறியது!

படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை என்று எலைஜா சோர்ந்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இல்லை. கிடைத்த வேலை சிறியது என்று அலட்சியம் செய்திருந்தாலும் இந்தக் கதை இல்லை. கரித்தூள் படிந்த கையோடு, எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் அவர் என்ஜினீயராகவே இருந்தார்.

அடுத்த தடவை தையல் எந்திரத்தில் இரண்டு சொட்டு விடும்போதும், காருக்கு எண்ணெய் மாற்றும்போதும் அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.